கடல் இல்லாத ஊரில் கடல்நீர்

வீட்டில் பவளத் தொட்டி வைக்க நினைப்பவர் விளக்கு, பம்பு, வடிகட்டி என்று ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறார். உப்புக் கலவை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த வாளியாக வந்து சேர்கிறது. உப்புதானே என்ற நினைப்பு. அந்த வாளியில் இருப்பது சமையல் உப்பு அல்ல. பல சேர்மங்களை அளவு பார்த்துச் சேர்த்த கலவை அது. அந்த அளவுகளைச் சரிக்கட்ட மனிதர்களுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. அந்த நூறு ஆண்டுக் கதை நெடுக ஒரே ஒரு பொருள் தொல்லை கொடுத்துக்கொண்டே வருகிறது. அது சுண்ணாம்பு. முதல் செய்முறையில் விடுபட்டுப்போனது அதுதான். இன்று கடையில் ஒரு வாளிக்கும் பக்கத்து வாளிக்கும் உள்ள வித்தியாசமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

1846ல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரைக்குப் போயிருந்தார். அங்கே பாறையில் ஒட்டி வளரும் சிறு கல்பவளங்களைப் பார்த்து மனம் பறிகொடுத்து, சிலவற்றைக் கல்ஜாடியில் கடல்நீரோடு போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பொறுப்பில் இருந்த குரு. நகரத்தின் நடுவில் இருந்த அந்த வீட்டுக்குக் கடல்நீர் தினமும் வர வழியில்லை. புது நீர் கிடைக்காத நாட்களில் பழைய நீரையே திறந்த சன்னலருகே வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற ஏற்பாடு செய்தார். இன்று பம்பு செய்யும் வேலையை அன்று ஒரு வேலைக்காரப் பெண்ணின் கைகள் செய்தன. பிறகு கடற்பாசியும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. வீட்டுக் கடல்தொட்டி என்றதும் வண்ணமீன் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தின் ஆரம்பத்தில் நின்றது மீன் அல்ல, கல்பவளம். பவளம் வளர்ப்பவர்கள் தைனின் பெயரை இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

அடுத்த சில ஆண்டுகளில் இது இங்கிலாந்தில் பெரும் மோகமானது. லண்டன் விலங்குப் பூங்காவில் 1853ல் மீனகம் திறந்தார்கள். கடலுயிர்களைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற இயற்கையியலாளர் ஃபிலிப் ஹென்றி காஸ் அதற்கு உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தார். லண்டனில் தொட்டி வைத்திருந்தவர்களுக்குக் கடல்நீர் எப்படிக் கிடைத்தது என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். தேம்ஸ் முகத்துவாரத்தைத் தாண்டிப் போகும் நீராவிக் கப்பல்களில் வேலை செய்பவருக்குக் கொஞ்சம் காசு கொடுத்து, ஆற்றுநீர் கலக்காத திறந்த கடலில் ஒரு பீப்பாய் மொண்டு வரச் சொல்ல வேண்டும். பீப்பாய் ஓக் மரத்தால் ஆனதாக இருந்தால் மரத்தின் துவர்ப்பு நீரில் இறங்கி உயிர்களைக் கொன்றுவிடும். ஒரு பீப்பாய் நீருக்கு இத்தனை கவனம் தேவைப்பட்டது. காசு இருக்கிறவர்களுக்கே இது முடியும். கடலிலிருந்து தள்ளியிருந்த ஊர்க்காரர்களுக்கு அதுவும் முடியாது.

வேதியியல் அப்போது ஓரளவு தயாராக இருந்தது. 1839ல் ஷ்வைட்சர் என்ற வேதியியலாளர் பிரைட்டன் கரையோரக் கடல்நீரைப் பகுத்து, ஆயிரம் பங்கு நீரில் என்னென்ன எவ்வளவு என்று பட்டியல் போட்டிருந்தார். சோடியம் குளோரைடு 27 பங்கு, மெக்னீசியம் குளோரைடு 3.7, மெக்னீசியம் சல்ஃபேட் 2.3, ஜிப்சம் 1.4, பொட்டாசியம் குளோரைடு முக்கால் பங்கு. இவை போகச் சிறிது புரோமைடு, சிறிது சுண்ணாம்புக் கார்பனேட். கடலை அப்படியே பட்டியலாக்கியாயிற்று என்றால், பட்டியலிலிருந்து கடலைத் திரும்பச் செய்ய முடியாதா? காஸ் அதைத்தான் முயன்றார். 1854ல் அவர் வெளியிட்ட செய்முறையில் நான்கே பொருள்கள். இன்றைய அளவில் சொன்னால், நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீருக்குச் சமையல் உப்பு ஏறக்குறைய 100 கிராம், பேதியுப்பு எனும் மெக்னீசியம் சல்ஃபேட் 7 கிராம், மெக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம் சொச்சம். நீரைக் கலக்கி வடிகட்டி, முதலில் பச்சைக் கடற்பாசியை மட்டும் போட்டுச் சில நாள் விட்டார். பிறகே விலங்குகளை இறக்கினார். அவை செழிப்பாக இருப்பதைப் பார்த்து அச்சில் ஏற்றினார். ஏறத்தாழ அதே சமயம் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளரும் செயற்கைக் கடல்நீரில் உயிர் வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஷ்வைட்சரின் பட்டியலையும் காஸின் செய்முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடுபட்டது எது என்று தெரியும். புரோமைடு இல்லை, சுண்ணாம்புக் கார்பனேட் இல்லை, சுண்ணாம்பின் கால்சியத்தைக் கொண்ட ஜிப்சமும் இல்லை. ஜிப்சம் தண்ணீரில் எளிதில் கரையாது, அளவும் குறைவு, அதனால் தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு. அவர் வளர்த்த கடல்சாமந்திக்கும் பாசிக்கும் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. லண்டன் தண்ணீரிலேயே சுண்ணாம்பு நிறைய உண்டு. ஆனால் தைனின் கல்பவளம் எலும்பு கட்டுவது முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக் கார்பனேட்டால். வீட்டுக் கடல்தொட்டியின் முதல் விருந்தாளிக்கு மிக வேண்டிய பொருளே முதல் செய்முறையில் இல்லாமல் போனது.

பிரைட்டன் கரையில் எடுத்த ஒரு நீரின் பட்டியல் மற்ற கடல்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதற்கான விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1819லேயே அலெக்சாந்தர் மார்செட், பல கடல்களின் நீரைச் சோதித்து, உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதன் கூறுகள் ஒன்றுக்கொன்று கொள்ளும் விகிதம் மாறுவதில்லை என்று சொல்லியிருந்தார். ரசத்தில் தண்ணீர் விட்டு விளாவினாலும், அடுப்பில் வைத்துச் சுண்ட விட்டாலும், புளிக்கும் உப்புக்கும் உள்ள விகிதம் அப்படியே இருப்பதைப் போல. 1865ல் டென்மார்க்கின் ஃபோர்க்ஹாமர் இதை இன்னும் விரிவாகக் காட்டினார். பிறகு 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய எச்.எம்.எஸ். சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்து, 1884ல் முடிவை வெளியிட்டார். மார்செட் சொன்னது உறுதியானது. உப்புக் கலவை என்ற பொருளே சாத்தியமாவது இந்த ஒரு விதியால்தான். கடலுக்குக் கடல் விகிதம் மாறியிருந்தால், செங்கடல் பவளத்துக்கு ஒரு பொடி, பசிபிக் பவளத்துக்கு இன்னொரு பொடி என்று விற்க வேண்டியிருக்கும்.

டிட்மாரின் முடிவில் ஒரு சிறு விலகல் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு மிகப் பிடித்துப்போனது. ஆழத்திலிருந்து எடுத்த நீரில் கால்சியம் மட்டும் மேல்மட்ட நீரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. காரணம் உயிர்கள். மேல்மட்டத்தில் வாழ்பவை ஓடும் கூடும் கட்ட நீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கின்றன. செத்த பின் அந்த ஓடுகள் கீழே இறங்கி, ஆழத்தில் கரைகின்றன. கடல் அவ்வளவு பெரிது என்பதால் அங்கே வித்தியாசம் சொற்பம். முந்நூறு லிட்டர் தொட்டியில் அதே வேலை நடந்தால் சில நாட்களில் விகிதம் குலைந்துவிடும். பின்னால் பவளம் வளர்க்க வந்தவர்கள் மோதிய சிக்கல் இதுதான்.

கடலோரத்தில் வாழும் நம்மவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் கடல்நீரைக் காய்ச்சித்தானே உப்பு எடுக்கிறார்கள், அதையே திரும்பக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா? ஆகாது. நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புக் கார்பனேட் படியும். நீர் இன்னும் சுண்டியதும் ஜிப்சம் படியும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்போதுதான் நாம் உண்ணும் உப்பு படிகமாகும். மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்புநீரில் தங்கிவிடும், அதை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். நல்ல உப்பு எடுப்பது என்றால் மற்றவற்றை நீக்குவது என்று பொருள். உப்பளத் தொழிலாளியின் திறமை முழுவதும் மார்செட்டின் விகிதத்தைப் பிரிப்பதில் இருக்கிறது. தொட்டிக்காரருக்கு வேண்டியது அதைச் சேர்த்துவைப்பது.

பெர்லினில் 1869ல் உன்டர் டென் லிண்டன் வீதியில் திறந்த பெரிய மீனகம் கடலுக்கு வெகு தொலைவில் இருந்தது. அங்கே பொறுப்பேற்ற ஓட்டோ ஹெர்மஸ் வேதியியல் படித்தவர், செயற்கைக் கடல்நீரை நம்பியே தொட்டிகளை நடத்தினார். ஆனாலும் அசல் கடல்நீர்மீது இருந்த பற்று எளிதில் விடவில்லை. 1930ல் திறந்த சிகாகோவின் ஷெட் மீனகத்துக்கு ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து 20 ரயில் டேங்கர்கள் எட்டு நடை போய்வந்து பத்து லட்சம் கேலன் கடல்நீரைச் சுமந்தன. பெரும் பணம் உள்ள நகரம் அதைச் செய்தது. மற்ற ஊர்கள் என்ன செய்யும்?

1940ல் லைமன், ஃப்ளெமிங் என்ற இரு கடலியலாளர்கள் ஆய்வகத்துக்கென வெளியிட்ட அளவுப்பட்டியலில் காஸின் நான்கு பொருள்கள் பத்தாகியிருந்தன. ஒரு கிலோ செயற்கைக் கடல்நீருக்குச் சோடியம் குளோரைடு 23.5 கிராம், மெக்னீசியம் குளோரைடு 5, சோடியம் சல்ஃபேட் 3.9, கால்சியம் குளோரைடு 1.1, பொட்டாசியம் குளோரைடு 0.66, சமையல் சோடா 0.19 கிராம். மிச்சம் பொட்டாசியம் புரோமைடு, போரிக் அமிலம், ஸ்ட்ரான்சியம் குளோரைடு, சோடியம் ஃப்ளோரைடு ஆகியவை துளித்துளியாக. இதில் ஜிப்சத்தின் இடத்தைப் பாருங்கள். ஜிப்சம் என்பது கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்தது, அதைக் கரைப்பது பாடு. ஆகவே கால்சியத்தைக் குளோரைடோடும், சல்ஃபேட்டைச் சோடியத்தோடும் பிரித்துக் கொண்டுவந்தார்கள். இரண்டும் சட்டென்று கரையும். கரைந்த பிறகு எந்த அயனி எந்த உப்போடு வந்தது என்ற பேச்சே இல்லை. காஸைத் தடுத்த சிக்கல் இவ்வளவு எளிதாக அவிழ்ந்தது.

ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கரைப்பது வேறு, ஒரே பையில் போட்டு வீட்டுக்கு அனுப்புவது வேறு. பை பிறந்தது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில். ஈரி ஏரிக் கரையில் இருக்கும் கிளீவ்லாந்து நகரைச் சுற்றி நன்னீருக்குப் பஞ்சமில்லை, கடல்நீர்தான் இல்லை. 1964ல் அங்கே செகெடி, கெல்லி என்ற இருவர் செயற்கைக் கடல்நீருக்கான புதிய சூத்திரம் ஒன்றை அமெரிக்க மீன்வள, வனவுயிர்த் துறையின் வெளியீட்டில் எழுதினார்கள். அதே காலத்தில் கெல்லியின் அக்வேரியம் சிஸ்டம்ஸ் நிறுவனம் ‘இன்ஸ்டன்ட் ஓஷன்’ என்ற பெயரில் கலவையைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியிலும் அந்தப் பத்தாண்டில் இதுபோன்ற கலவைகள் விற்பனைக்கு வந்தன. ஆய்வகங்களும் மீனகங்களும் வாங்கின, பிறகு வீடுகளும் வாங்கின. காஸின் பீப்பாய்க்கும் ஷெட்டின் ரயிலுக்கும் இருந்த தேவை ஒரு மூட்டைக்குள் அடங்கியது.

மூட்டைக்கு என்று சில குணங்கள் உண்டு. மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. பை திறந்து கிடந்தால் கட்டியாகும். அந்த ஈரத்தில் கால்சியமும் சோடாவும் சந்தித்துப் பையிலேயே சுண்ணாம்பாகிவிடும். அது பிறகு கரையாது. இரண்டாவது, தூய்மை. லிட்டருக்கு 23 கிராமுக்கு மேல் போடும் சோடியம் குளோரைடில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு செம்பு இருந்தாலே, நீரில் லிட்டருக்கு 23 மைக்ரோகிராம் செம்பு சேரும். திறந்த கடலில் செம்பு ஒரு மைக்ரோகிராமிலும் மிகக் குறைவு. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. எனவே கலவையின் தரம் என்பது சூத்திரத்தைவிட, தொழிற்சாலை வாங்கும் மூலப்பொருளின் தூய்மையில் இருக்கிறது. 1990களில் அட்கின்சன், பிங்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நிறுவனக் கலவைகளைச் சோதனைக்கு எடுத்தபோது பெரிய கூறுகள் கடலுக்கு நெருக்கமாக இருந்தன, நுண்ணளவு உலோகங்கள்தான் கடலைவிடக் கூடுதலாகத் தென்பட்டன.

பவளம் இந்தக் கதைக்குள் திரும்ப வந்தது ஆசியாவிலிருந்து. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தினார். 1961ல் அதைப் பற்றி எழுதினார். அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது, உப்புப் பொடி தேவைப்படவில்லை. ஆனால் பாறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நீரைச் சுத்தமாக வைக்கும் என்ற அவருடைய பாடம் ஐரோப்பாவுக்குப் போனது. பெர்லினில் அதை எடுத்து வளர்த்தவர்கள் அதோடு இன்னொன்றையும் கண்டார்கள். பவளம் செழிக்கச் செழிக்க நீரிலுள்ள கால்சியமும், காரத்தன்மையும், அதாவது கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகும் கார்பனேட்டின் இருப்பும், விழுந்துகொண்டே வந்தன. பீட்டர் வில்கன்ஸ் அதற்குத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைப் பரப்பினார். டீட்ரிக் ஸ்டூபர் கிளைப்பவளத்தை வீட்டுத் தொட்டியிலேயே வளர்த்து, ஒடித்த கிளைகளைப் பிறருக்குக் கொடுத்தார். கடலில் கைவைக்காமலே பவளம் கிடைக்க வழிசெய்த ஸ்டூபரின் செயலை நான் வேதியியலைவிடப் பெரிதாக நினைக்கிறேன். காஸின் நூல்களைப் படித்துக் கிளம்பிய கூட்டம் இங்கிலாந்துக் கரைகளின் பாறைக்குட்டைகளை மொட்டையடித்ததை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். நம் மன்னார் வளைகுடா அப்படி ஆகக்கூடாது. 2001 முதல் எல்லாக் கல்பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம்.

பவளக்காரர்கள் பெருகியதும் கலவை செய்வோர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு வகை கடலின் அளவை அப்படியே வைத்தது. லிட்டருக்குக் கால்சியம் 410 மில்லிகிராம், மெக்னீசியம் 1,290, காரத்தன்மை ஏழு ஜெர்மன் டிகிரிக்கு அருகில். மற்ற வகை பவளம் எடுப்பதை ஈடுகட்டலாம் என்று கால்சியத்தை 450 பக்கமும், காரத்தன்மையைப் பதினொன்று பன்னிரண்டுக்கும் ஏற்றியது. கடையில் ‘ரீஃப்’, ‘புரோ’ என்ற பெயரோடு நிற்கும் வாளிகள் பெரும்பாலும் இவை. விலையும் கூடுதல்.

பெயரைப் பார்த்து ஏற்றிய வகைதான் பவளத்துக்கு உகந்தது என்று வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் காரத்தன்மை எட்டு, புது நீரில் பன்னிரண்டு, வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறீர்கள். ஏறுவது வெறும் 0.4. கல்பவளம் நிறைந்த தொட்டி ஒரே நாளில் ஒரு டிகிரியைத் தின்றுவிடும், வாரத்துக்கு ஏழு. நீர் மாற்றி இதை ஈடுகட்ட முடியாது. சுண்ணாம்பு நீரோ, கால்சியத்தையும் சோடாவையும் தனித்தனியாக ஊற்றும் கரைசலோ தினமும் போயாக வேண்டும். அப்படி ஊற்றுகிறவருக்குக் கடல் அளவுக் கலவையே போதும், அதுவே நல்லது. தொட்டி எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணுக்கு நெருங்கிய வாளியை வாங்க வேண்டும். ஏழில் பழகிய கிளைப்பவளத்தின்மேல் பன்னிரண்டு டிகிரி நீரைப் பெருமளவில் ஊற்றினால் நுனி கருகுவதைப் பார்க்கலாம். மென்பவளமும் இரண்டொரு கல்பவளமும் மட்டும் உள்ள சிறு தொட்டிக்கு ஏற்றிய வகை உதவும். அங்கே தின்பது குறைவு, நீர் மாற்றுவதிலேயே சரியாகிவிடும், வேறு எதுவும் ஊற்ற வேண்டியதில்லை.

வாங்கிய பின் அடிக்கடி மாற்றாதீர்கள். மூடியை இறுக்குங்கள். பயணத்தில் கனமான படிகங்கள் ஒரு பக்கம் சேர்ந்திருக்கும், எடுக்குமுன் வாளியைப் படுக்கவைத்து உருட்டுங்கள். சுத்திகரித்த நீரை முதலில் ஓடவிட்டு அதில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பொடியின்மேல் நீரை ஊற்றினால் அடியில் கெட்டியான கரைசல் உண்டாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். உப்பளத்தில் முதலில் படியும் அதே சுண்ணாம்பு. உவர்ப்பு 35 என்று கருவி காட்டினாலும் காரத்தன்மை குறைந்திருக்கும். அதனால் கலக்கிய நீரைத் தொட்டியில் விடுமுன் உவர்ப்போடு காரத்தன்மையையும் சோதித்து, வாளிமேல் அச்சடித்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.